உலக முடிவுக்கு நடந்த கால் சிவனொளிபாதம் ஏறுமா?

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிட்டால், இயன்மருத்துவரான என்னிடம் முழங்காலைக் காட்ட வருபவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "போன வருடம் ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு வரைக்கும் நடந்தேன் மிஸ், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவனொளிபாதமும் ஏறலாம்தானே?"

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். சமவெளி செங்குத்தாக முடியும் பாறை விளிம்பான உலக முடிவைத் தொட்டுவரும் ஹோர்ட்டன் சுற்றுப்பாதை 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத உச்சிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் என்பார்கள்; போய்வர 14. ஒன்பது நடந்த காலுக்குப் பதினான்கு எட்டாதா என்று தோன்றும்.

உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே கிடக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு உங்களை வேனே ஏற்றிவிடுகிறது. நீங்கள் நடப்பது சிறு சிறு மேடுபள்ளங்களில். நல்லதண்ணி சுமார் 1,250 மீட்டரில், உச்சி 2,243 மீட்டரில். இடையில் உள்ள ஏறத்தாழ ஆயிரம் மீட்டரையும் உங்கள் தொடைகள்தான் தூக்கியாக வேண்டும்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலதிகமாக இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஹோர்ட்டன் முழுச் சுற்றும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். சிவனொளிபாதம் ஏற மட்டுமே மூன்று மணி நேரம். அதுவும் நடந்து பழகிய உடம்புக்கு. போயா இரவுக் கூட்டம் நெய்ஸ்மித்துக்குத் தெரியாது. உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தாக ஏறும் மஹகிரிதம்பவில் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி ஒரே படியில் நெடுநேரம் நின்றவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில், சிகிச்சைக்கு ஆள் அனுப்புவது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், கடையில் நின்று தேநீர் குடிப்பீர்கள், மறுபடி ஏறுவீர்கள். மூச்சு முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. இறங்கும்போது மூச்சு சீராக இருப்பதால் எல்லாம் நலம் என்று நம்பி வேகமாகக் கால் வைப்பீர்கள்.

படி இறங்கும் ஒவ்வொரு முறையும் தொடையின் முன்தசை நீண்டுகொடுத்தபடியே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. சுருங்கி வேலை செய்யும்போது படாத சேதத்தைத் தசை நார்கள் அப்போது படுகின்றன. முழங்கால் மூட்டில் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் சுமை விழுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் என்றால் 200 கிலோவுக்கு மேல். வழியில் சுமார் 5,500 படிகள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. படிகள் ஒரே அளவிலும் இல்லை. ஒன்று நாலு விரற்கடை, அடுத்தது முழங்காலில் பாதி. இத்தனையையும் தூங்காத கண்ணோடும் வெறும் வயிற்றோடும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தோடும் இறங்குகிறோம். அன்று தொடை நடுங்குவதோடு போய்விடும். இரண்டாம் நாள்தான் கழிப்பறையில் உட்காரச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நாள்தோறும் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் கொழுந்து பறிக்கும் அக்காமார் இந்த வலியோடு என்னிடம் வந்ததாக நினைவில்லை. முதுகுக்கும் தோளுக்கும் வருவார்கள், அது வேறு கதை. அவர்களுடைய தொடை இறக்கத்துக்குப் பழகியது. மேசை வேலை பார்ப்பவர் ஜிம்மில் சைக்கிள் மிதித்துச் சேர்த்த பலம் ஏற்றத்தில் கைகொடுக்கும், இறக்கத்தில் அவ்வளவாகக் கொடுக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடி முன்னால், கடைசிப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதி தரையை மெல்லத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, திரும்ப எழும்புங்கள். நிற்கும் காலின் முழங்கால் பெருவிரல் பக்கம் உள்ளே சாய்கிறதா? இடுப்பு ஒரு பக்கம் விழுகிறதா? ஏழெட்டு முறை நிதானமாக முடியாதவர் இந்தப் பருவத்துக்கு மலையைக் கீழிருந்தே கும்பிடலாம். இதே பயிற்சியைச் சில வாரம் செய்து, பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் ஒருநாள் நீண்ட படிக்கட்டில் இறங்கிப் பார்த்தால் தசைக்கு அது ஒரு முன் அனுபவம். அடுத்த முறை சேதம் குறைவாகவே இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஹோர்ட்டன் சமவெளியைப் பூங்காவில் நடப்பதாக எண்ண வேண்டாம். முழங்காலுக்கு அது இரக்கம் காட்டும், கணுக்காலுக்குக் காட்டாது. பாதையில் உருள்கல்லும் மர வேரும் மழை பெய்தால் வழுக்கும் களிமண்ணும் உண்டு. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடத்தில் கவனம் தேவை. முன்பு கணுக்கால் சுளுக்கியவர்களுக்கும், பாதம் மரத்துப்போன நீரிழிவுக்காரர்களுக்கும், தடுமாற்றம் உள்ள முதியவர்களுக்கும் இரண்டில் இதுவே கடினம் என்பேன். பருவ இரவில் சிவனொளிபாதத்தில் விளக்கும் கடையும் ஆளும் இருக்கும். சமவெளியில் கால் பிசகினால் வேன் வரைக்கும் யாராவது தாங்கித்தான் வர வேண்டும். உலக முடிவின் விளிம்பில் பனிமூட்டத்துக்குள் படமெடுக்கப் பின்னால் நகர்வதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. கீழே ஏறத்தாழ 870 மீட்டர்.

"அங்கே ஒட்சிசன் குறைவாமே" என்பவர்களுக்கு: உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். இங்கே தலை சுற்றினால் தண்ணீர், சாப்பாடு, இரத்த அழுத்தம், இன்சுலின் என்று வேறு காரணம் தேடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் இரவு ஏற்றத்துக்கு அளவை எப்படி மாற்றுவது என்று முன்னதாகவே வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். ஏறும்போது நெஞ்சு இறுகினால் அன்றைய ஏற்றம் அதோடு முடிந்தது. உச்சி இன்னும் பத்து நிமிடம்தான் என்று யார் சொன்னாலும் சரி. வியர்த்த சட்டையோடு உச்சியில் விடியலுக்குக் காத்திருக்காமல், பையில் காய்ந்த சட்டை ஒன்று வைத்திருங்கள்.

இறங்கி வந்தபின் தொடை வலி நாலைந்து நாளில் தானாகத் தணியும், மெல்ல நடந்தால் போதும். முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ என்னைப் போன்ற இயன்மருத்துவரிடம் வாருங்கள். தசை வலி தாங்க முடியாமல் போய், சிறுநீரும் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.