பதில் போட வேண்டாம், சும்மாதான் கேட்டேன்

"நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். காய்ச்சலில் கிடப்பவரும் அதையே சொல்வார், மூன்று நாளாகத் தூங்காதவரும் அதையே சொல்வார். கேள்வி காதில் விழுந்ததும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிடும். கேட்டவருக்கும் விசாரித்துவிட்ட திருப்தி. மனநல ஆலோசகராக 2020-இலிருந்து நான் கேட்ட கதைகள் பலவும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன.

அந்த ஆண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில நாட்களிலேயே என் ஆலோசனை அறை போன் திரைக்குள் சுருங்கிப்போனது. "சமூக இடைவெளி" என்ற சொல் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அதே மார்ச் மாதத்தில் அந்த நிறுவனமே "உடல் இடைவெளி" என்று சொல்லலாம் என்றது: தள்ளி இருக்க வேண்டியது உடம்புதான், உறவு அல்ல. திருத்தம் பலர் காதுக்கு எட்டவில்லை, முதல் சொல்லே நிலைத்துவிட்டது. பெருந்தொற்றின் முதலாண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடின என்று 2022 மார்ச்சில் அவர்களே அறிவித்தார்கள்.

என்னிடம் பேசியவர்களுக்கு நண்பர்கள் இல்லாமல் இல்லை. குழு குழுவாக இருந்தார்கள்.

ஒருவரைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). 34 வயது, தனியாகக் குடியிருப்பவர். தொற்று உறுதியானதும் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் "பாசிட்டிவ்டா" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் பதினோரு கும்பிடு எமோஜி, ஏழு "டேக் கேர் மச்சி", ஆக்சிஜன் அளவு பற்றி நீளமாக ஒரு ஃபார்வர்டு. அதற்குக் கீழே யாரோ ஒரு மீமைப் போட, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. நான்காம் நாள் இரவு காய்ச்சல் ஏறியபோது அந்தக் குழுவைத் திறந்து, தன் செய்தி எங்கே இருக்கிறதென்று மேலே தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். அறுபது எழுபது செய்திகளுக்கு அப்பால் கிடந்தது. "எல்லாரும் பாத்திருக்காங்க மேடம். ரெண்டு நீல டிக். ஆனா ஒருத்தன்கூட கூப்பிடல."

அந்தப் பதினெட்டுப் பேரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவரவர் மனதில் "இவ்வளவு பேர் இருக்காங்க, யாராவது பேசியிருப்பாங்க" என்று ஓடியிருக்கும். 1968-இல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து மைக் வழியாகப் பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே ஒரு குரல் வலிப்பு வந்தவர்போலத் திணறும் (பதிவு செய்யப்பட்ட குரல்தான், கேட்பவர்களுக்குத் தெரியாது). தன் காதில் மட்டும்தான் அது விழுகிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி வெளியே வந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். தனித்தனி அறை, முகம் தெரியாத குரல், வேறு பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு. வாட்ஸ்அப் வருவதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே வாட்ஸ்அப் குழுவைச் சோதித்துவிட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அதனால் குழுவில் யாராவது "முடியலடா" என்று போட்டால், குழுவை மூடிவிட்டு அவர் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். "நான் பேசிட்டேன், நாளைக்கு நீ பேசு" என்று இன்னொருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பொதுவாக "எல்லாரும் பாத்துக்கங்கப்பா" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சரி, கூப்பிட்டாயிற்று. என்ன கேட்பது?

சின்னதாகக் கேளுங்கள். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?" "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" "கடைசியா வாய்விட்டு யார்கிட்ட பேசின?" "எப்படி இருக்க" என்பதற்குத் தன் வாழ்க்கை முழுவதையும் எடை போட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மனம் சோர்ந்தவருக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பதை யோசிக்க அவ்வளவு தெம்பு தேவையில்லை. மறைப்பதும் அவ்வளவு எளிதல்ல. "சாப்பாடா... காலைலயா, மத்தியானமா..." என்று இழுத்தால் அந்த இழுவையிலேயே பாதி விஷயம் வந்துவிடும். எழுத்தில் இது தெரியாது. அதனால் எமோஜியைவிடக் குரலை நம்புகிறவள் நான்.

கேட்கத் தெரிந்தவள் என்று இப்படி எழுதுகிறேனே தவிர, நானே கோட்டை விட்ட கதை ஒன்று இருக்கிறது. என் நெருங்கிய தோழி ஊரடங்கு நாட்களில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். எடுத்ததுமே "உனக்குத்தான் இப்ப வேலை ஜாஸ்தி, நீ எப்படிடி சமாளிக்கற?" என்பாள். நானும் நாற்பது நிமிடம் என் களைப்பைக் கொட்டுவேன். முடிக்கும்போது "நீ நல்லா இருக்கல்ல?" என்பேன். "எனக்கென்னடி" என்பாள். அவளுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது என்பது வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "சொல்லலாம்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து, எப்போதும் முதலில் விசாரிப்பவர் யார் என்று என் நட்பு வட்டத்தில் ஒரு கண் வைத்திருக்கிறேன். அவரை யாரும் விசாரிப்பதில்லை.

"ரொம்ப நாளாச்சு, இப்ப போய் எந்த முகத்தோட கூப்பிடறது?" என்ற தயக்கம் இன்னொரு பக்கம். ஆலோசனைக்கு வருபவர்கள் இதை வெட்கத்தோடு சொல்வார்கள். பெகி லியூ என்பவரும் அவர் குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லித் தேற்றுவேன். நாம் தொடர்பு கொள்வதை மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு மதிப்பார் என்பதை நாம் குறைத்தே கணக்கிடுகிறோமாம். எதிர்பாராமல் வந்த விசாரிப்பு என்றால் இன்னும் கூடுதலாக மதிக்கிறார்களாம். நீண்ட இடைவெளியே உங்களுக்குச் சாதகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பதில் வராவிட்டால்? இங்கேதான் நட்புகள் முறுக்கிக்கொள்கின்றன. "மூணு மெசேஜ் போட்டேன், திமிரு" என்று விட்டுவிடுகிறார்கள். ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவரை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். மனச்சோர்வாலும் தற்கொலை எண்ணத்தாலும் மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே போனபின் சிகிச்சையைத் தொடர மறுத்தவர்கள் 843 பேர். அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அவர் குழுவினர் கடிதம் எழுதினார்கள். ஐந்தாண்டில் 24 கடிதம். முதலில் மாதம் ஒன்று, பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் நாலைந்து வரிதான்: உங்களை நினைத்தோம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள். சிகிச்சைக்கு வா என்றோ, ஏன் வரவில்லை என்றோ ஒரு சொல்லும் கிடையாது. கடிதம் போனவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது, அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளில் தெளிவாகவே குறைவாக இருந்தது.

நான் பரிந்துரைக்கும் செய்தியும் இந்தச் சாயலில்தான் இருக்கும். "இன்னிக்கு உன் ஞாபகம் வந்துச்சு. பதில் போட வேண்டாம், சும்மாதான்." பத்து நாள் கழித்து இன்னொன்று. முன்பு அனுப்பியதற்குப் பதில் இல்லையே என்ற குத்தல் அதில் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது கடன் வசூல்.

வெளியே கலவரமும் சேர்ந்துகொண்டால் கணக்கு மாறிவிடும். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்த பிறகு போராட்டமும் கலவரமும் வெடிக்க, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இரவு ஊரடங்கு போட்டார்கள். ஏற்கெனவே நோய்க்குப் பயந்து உள்ளே இருந்தவர்கள், இப்போது தெருவுக்கும் பயந்து உள்ளே இருந்தார்கள். வேறு நாடுகளிலும் பிற்பாடு வெவ்வேறு காரணங்களுக்காக இதையே பார்த்தோம். இந்த நேரத்தில் நண்பர்கள் செய்யும் பெரிய தவறு வீடியோ அனுப்புவது. எரியும் வண்டி, ஓடும் கூட்டம், "இதப் பாத்தியா? உங்க ஏரியாவா?" அனுப்புபவருக்கு அது அக்கறை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய வாரத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: நாளுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் கடுமையான மன அழுத்தம் பதிவாகியிருந்தது. சிக்கியிருப்பவர் ஏற்கெனவே ஜன்னல் வழியாகப் பார்த்ததைத் திரையிலும் காட்ட வேண்டியதில்லை.

யார் பக்கம் நியாயம் என்ற பேச்சும் அன்றைக்கு வேண்டாம். "உங்க ஆளுங்க பண்றதப் பாத்தியா" என்று தொடங்கிய விசாரிப்புகளால் இருபது வருட நட்பு முறிந்ததை என் திரையில் பார்த்திருக்கிறேன். கதவு பூட்டியிருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள், மாத்திரை கையிருப்பு உண்டா, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது. இவ்வளவு போதும். பதுங்கியிருப்பவரின் போன் மணி அடிப்பதே ஆபத்தாகலாம் என்பதால், முதலில் செய்தி, அவர் சொன்னபின் அழைப்பு. எங்கே இருக்கிறார், யாரோடு போனார் என்பதை எழுத்தில் வாங்காதீர்கள். வீடியோ கால் வேண்டவே வேண்டாம், இருக்கிற பேட்டரியைத் தின்றுவிடும்.

எதுவும் நடப்பதற்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்துகொண்ட இரு தோழிகளை எனக்குத் தெரியும். ஒருத்தி என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர். இரவு பத்து மணிக்கு இருவரும் ஆளுக்கொரு புள்ளி அனுப்ப வேண்டும். வெறும் புள்ளி. இணையத்தைத் துண்டித்தாலும் சாதாரண எஸ்எம்எஸ் போகக்கூடும் என்று அதையே வழியாக வைத்துக்கொண்டார்கள். பத்தரை வரை புள்ளி வராவிட்டால் கூப்பிடுவது, எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு எண். பேச மனமில்லாத நாளிலும் புள்ளி வைக்க முடிந்தது என்றார். "பேசணும்னா பயமா இருக்கும் மேடம். புள்ளிக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்ல."

ஒன்று மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டியது. "நான் இல்லாட்டி யாருக்கும் நஷ்டமில்ல" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும் பாரம் இறங்கும். "ஆமா" என்றால் போனை வைக்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். அவர் அருகில் போகக்கூடிய ஒருவரை இன்னொரு போனில் பிடியுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர உதவியையோ அழையுங்கள். அதற்குமேல் நண்பர் தனியாகச் சுமக்கக் கூடாது, எங்களைப் போன்றவர்கள் இருப்பது அதற்குத்தான்.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. புள்ளித் தோழிகளிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒருநாள் பத்தரைக்கும் புள்ளி வராமல் பதறிக் கூப்பிட்டிருக்கிறார் என்னிடம் வந்தவர். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் வந்து அவர் போனில் பேசிய மற்றவள், "சார்ஜர் செத்துப்போச்சுடி, அதுக்கு ஊரையே எழுப்புவியா?" என்று திட்டிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு புள்ளி அனுப்பினாளாம்.