க்ரூஸில் பழைய கொட்டகை வாங்கி வீடாக்க நினைப்பவர்களுக்கு

பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள க்ரூஸ் மாவட்டத்தில் கல்லால் கட்டிய பழைய கொட்டகைகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கிவிட்டு, குடியேற அனுமதி கிடைக்காமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் மேயரின் வாய்வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுத்தவர்கள்.

கம்யூன் எனப்படும் ஊராட்சி எவ்வளவு சிறியதானாலும் அதற்கு ஒரு மேயரும் மேரி என்ற அலுவலகமும் உண்டு. கட்டட விண்ணப்பத்தை அங்கேதான் கொடுக்க வேண்டும். ஆனால் தனக்கென நிலப் பயன்பாட்டுத் திட்டம் வகுத்துக்கொள்ளாத கம்யூனில் தேசிய விதிகளே செல்லும் என்பதால், கோப்பைப் பரிசீலிப்பது டே.டே.டே. எனப்படும் மாவட்ட அரசு அலுவலகம். மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான ப்ரெஃபேயின் இசைவு இல்லாமல் மேயரால் அனுமதி தர முடியாது. "ஒன்றும் பிரச்சினையில்லை, வாங்குங்கள்" என்கிற மேயர் நல்லவராகவே இருக்கலாம், முடிவு அவர் கையில் இல்லை.

ஆகவே, வாங்குவதற்கு முன்பே 'செர்த்திஃபிக்கா துர்பனிஸ்ம்' என்ற சான்றிதழைக் கேளுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. பத்திரப்பதிவின்போது நோத்தேர் என்ற சட்ட அலுவலர் வழக்கமாகப் பெற்றுத் தருவது தகவல் சான்றிதழ் மட்டுமே. கொட்டகையை வீடாக்கலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் இராது. உங்கள் திட்டத்தை விவரித்து 'ஒப்பெரசியொனேல்' வகையைக் கேட்டால்தான் அந்தப் பதில் எழுத்தில் வரும். அதற்கு இரண்டு மாதம் ஆகும் என்று விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சுவர்கள் பெரும்பாலும் நிற்கின்றனவா என்று பாருங்கள். இடிந்து கிடப்பதைப் புதுக் கட்டடமாகக் கருதுவார்கள். ஊர்க் குடியிருப்புக்கு வெளியே அதற்கு அனுமதி கிடைப்பது அரிது. பயன்பாட்டை மாற்றுவதோடு சுவரில் ஒரு சன்னல் திறந்தாலும், எளிய முன்னறிவிப்பு போதாது, முழு அனுமதி வேண்டும். பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர்த் தொட்டித் திட்டத்துக்கு 'ஸ்பாங்க்' என்ற சேவையின் சான்று தேவை. அந்தச் சேவை பெரும்பாலும் மேரியில் இராது, பல கம்யூன்கள் சேர்ந்த கூட்டமைப்பிடம் இருக்கும். இதைச் சொல்லாமலே கோப்பு முழுமையில்லை என்று திருப்புவார்கள்.

தனி வீட்டுக்கான அனுமதி விண்ணப்பத்தில் முடிவெடுக்க அலுவலகத்துக்குள்ள கெடு இரண்டு மாதம். பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால் இன்னும் நீளும். முதல் மாதத்துக்குள் அலுவலகம் விடுபட்ட தாள்களைக் கேட்டால், அவை அனைத்தையும் நீங்கள் கொடுத்த நாளிலிருந்தே கெடு தொடங்கும். மூன்று மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் தானாகவே தள்ளுபடியாகிவிடும். வாரத்தில் சில அரைநாள்களே திறக்கும் அலுவலகத்தில் தேதியிட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். முடியாவிட்டால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கெடு முடிந்தும் பதில் வராவிட்டால் பெரும்பாலான கோப்புகளில் அது அனுமதிதான், ஆனால் அதை உறுதிப்படுத்தும் சான்றை மேயரிடம் எழுதிக் கேட்டு வாங்கிய பிறகே கொத்தனாரை அழையுங்கள்.

அனுமதி வந்தவுடன் சாலையிலிருந்து தெரியும்படி அறிவிப்புப் பலகை வையுங்கள்; பக்கத்து நிலத்துக்காரர் வழக்குத் தொடுப்பதற்கான இரண்டு மாதக் கெடு அந்த நாளில்தான் தொடங்குகிறது. மறுப்பு வந்தால், லிமோஜ் நிர்வாக நீதிமன்றத்தை அணுக உங்களுக்கும் இரண்டு மாதமே உண்டு. மேரியில் பேசிப் பார்க்கலாம் என்று அந்த நாள்களைக் கழித்துவிடாதீர்கள்.