பத்து ரீடும் ஒரு பொருத்தமும்

கிளாரினெட் வாசிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். விலையுயர்ந்த வாத்தியத்தின் தலையெழுத்து, ஊதுவாயில் கட்டும் ரீட் என்ற, ஐஸ் குச்சி அகலமே உள்ள ஒரு புல் சீவலிடம் இருக்கிறது. ரீட் உண்மையிலேயே புல்தான்: அருண்டோ டோனாக்ஸ் என்னும் ராட்சத நாணல். தென் பிரான்சின் வார் பகுதியில் விளைவதற்குப் பெயர் அதிகம்.

ஊதுவாய்க்கும் ரீடின் நுனிக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சந்து. ஊதினால் ரீட் அந்தச் சந்தை மூடப் பார்க்கும். குழலுக்குள் போன அழுத்த அலை திரும்பி வந்து அதைத் திறந்துவிடும். 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமென்றால் இந்தக் கதவடைப்பு நொடிக்கு 440 முறை நடக்க வேண்டும். அதைச் செய்யும் நுனியின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர்.

பத்து ரீட் அடங்கிய பெட்டியில் 2½, 3 என்று எண் போட்டிருக்கும். அது கனம் அல்ல. ஒரே வகை ரீடுகள் எல்லாம் ஒரே வடிவில்தான் சீவப்படுகின்றன. நுனி வளைய எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று இயந்திரம் அழுத்திப் பார்த்துத் தரம் பிரிக்கும். எண்ணை மட்டும் நம்பி வாங்குவது, பத்தில் ஒரு பொருத்தம் பார்த்துத் தாலி கட்டுவதற்குச் சமம். நாணலுக்குள் நார்க்கட்டுகள் நீளவாக்கில் ஓடுகின்றன, இடையில் மெத்தென்ற சோற்றுப்பகுதி. நார்கள் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விலகியிருந்தால், எண் சரியாக இருந்தும் ரீட் நொண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரீடை ஓரிரு நிமிடம் நனைத்துப் பூட்டுங்கள். ஊதுவாயை வாய்க்குள் லேசாகச் சாய்த்து, ஒரு ஓரத்தை உதட்டால் அமுக்கி ஊதுங்கள். பிறகு மறுபக்கம் சாய்த்து ஊதுங்கள். எந்த ஓரம் தனியாக அதிரும்போது ஒலி மந்தமாகிறதோ, அங்கே விறைப்பு அதிகம். மிக நுண்ணிய உப்புத்தாளால் அந்த ஓரத்தை இரண்டு இழுப்பு, அவ்வளவே. மூன்றாவது இழுப்பில் பேராசை பிடித்தவர்களின் ரீடுகள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். மொத்த ரீடும் முரடாக இருந்தால் ஒரு மயிரிழை கீழே இறக்கிக் கட்டுங்கள், இளகும். தொளதொளவென்றால் மேலே ஏற்றுங்கள்.

நாதஸ்வரக்காரர்கள் தங்கள் ரீடான சீவாளியில் உபரிகளை வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிடுவது அழகுக்கு என்று முன்பு நினைத்திருந்தேன். போன கச்சேரிக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த என் நல்ல ரீடின் நுனி, மேடையேறும்போது சட்டைக் காலரில் உரசி உடைந்தது. ஒதுக்கிவைத்த ஒன்பதில் ஒன்றைத்தான் அன்று வாசித்தேன். அது கீச்சிட்டதை முதல் வரிசையில் ஒரு குழந்தை மட்டும் ரசித்தது.