எதிர்ப்பு அல்ல, மசியாமை

சிறுநீர்ப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மா நிம்மதியாகக் கேட்டார்: "அஞ்சு மருந்துக்கு எதிர்ப்பு இருக்காம் தம்பி. உடம்புல நல்ல எதிர்ப்புச் சக்தி இருக்குன்னுதானே அர்த்தம்?"

இல்லை. அந்த ஐந்து மருந்தும் அவருடைய கிருமியிடம் பலிக்காது என்று அர்த்தம். அவர் மேல் தப்பே இல்லை. கொரோனா காலம் முழுக்க 'எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு, அதே சொல்லைக் கிருமிக்கும் கொடுத்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இந்த 'எதிர்ப்பு'க்கு ஆங்கில மூலச்சொல் ரெசிஸ்டன்ஸ். லத்தீனில் 'ரெசிஸ்தெரே' என்றால் பின்வாங்காமல் நிற்பது. சண்டை போட்டுத்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. மின்சாரப் பாடத்தில் இதே சொல்லை 'மின்தடை' என்று அழகாகத் தமிழாக்கியவர்கள் நாம். மருத்துவத்துக்கு வந்ததும் 'எதிர்ப்பு' ஒன்றே போதும் என்று நின்றுவிட்டோம்.

அதனால் வந்த வினைகளைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்று பெயர். அதற்குக் கிருமி கட்டுப்படாவிட்டால் 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு' என்று வர வேண்டும். நாக்கு சுளுக்குகிறது என்று செய்திகளில் 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று சுருக்கிவிட்டார்கள். பொருள் தலைகீழாகிவிட்டது! 'நுண்ணுயிர் எதிர்ப்பு அதிகரித்து வருகிறது' என்றால் படிப்பவர் நல்ல சேதி என்றுதானே நினைப்பார்? கிருமிக்குப் பிறவியிலேயே உள்ள தன்மையை 'இயற்கை எதிர்ப்பு' என்கிறார்கள். அது இயற்கையை எதிர்ப்பது போல ஒலிக்கிறது.

இந்தப் பிறவித் தன்மையில்தான் 'எதிர்ப்பு' முழுசாகத் தோற்கிறது. பெனிசிலின், பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைக் கெடுக்கும் மருந்து. நுரையீரல் அழற்சி உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. அது எதையும் எதிர்க்கவில்லை. மருந்து கைவைக்க அங்கே ஒன்றும் இல்லை. வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இன்னொரு கதை. அதன் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1,450 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு). செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் போர்த்திய 'கிராம் நெகட்டிவ்' வகைப் பாக்டீரியாவில், அந்த வெளிச்சவ்வில் உள்ள துளைகள் பொதுவாக 600 டால்டனுக்கு மேற்பட்டதை உள்ளே விடுவதில்லை. வாசலில் நுழைய முடியாத விருந்தாளியை வீட்டுக்காரர் எதிர்த்தார் என்று சொல்வோமா? சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைக்கின்றன. அதை வேண்டுமானால் எதிர்ப்பு எனலாம்.

சரி, எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எது? நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. 'இருமல் எந்த மருந்துக்கும் மசியலை' என்கிறோம். 'கேட்கலை' என்றும் சொல்வோம், ஆனால் 'கேட்காமை' காது சமாசாரம் ஆகிவிடும். மசியாமை என்பது எப்படி என்று சொல்லாமல், முடிவை மட்டும் சொல்கிறது. சுவர் இல்லாததும், வாசல் சிறுத்ததும், பம்பு இறைப்பதும் அதில் அடங்கும். பிறவியில் இருந்தால் பிறவி மசியாமை. மரபணு மாறியோ வேறு பாக்டீரியாவிடமிருந்து மரபணு வாங்கியோ வந்தால் பின்வந்த மசியாமை. பேச்சுவழக்குச் சொல், கலைச்சொல்லுக்கு ஆகாது என்பார்கள். மக்கள் வாயில் இருப்பதே அதன் தகுதி என்பேன்.

அப்புறம், மாற்றுவழியைச் சொல்லவும் இது கைகொடுக்கிறது: மசியவைத்தல். மைக்கோபிளாஸ்மாவைச் சுவர்ப் பக்கம் போகாமல், புரதம் தயாரிக்கும் இடத்தைத் தாக்கும் அசித்ரோமைசினால் மசியவைக்கலாம். அமாக்சிசிலின் மருந்தைச் சிதைக்கும் பாக்டீரியாவின் நொதியைக் கிளாவுலானிக் அமிலம் முடக்கிவைக்கிறது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாட்டிக் இரும்பைப் பற்றிக்கொண்டு போகிறது. பாக்டீரியாவுக்கு இரும்பு வேண்டும். தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது, மருந்தும் கூடவே நுழைந்துவிடுகிறது. இதை 'எதிர்ப்பை முறியடித்தல்' என்று எழுதினால் இந்த நுணுக்கம் எங்கே தெரிகிறது?

பரிசோதனைத் தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எஸ், ஆர் என்று அச்சடிக்கிறார்களே, அங்கே 'மசியும்', 'மசியாது' என்று போடட்டும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் அப்படித்தான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். "அப்ப மசியுற மருந்தைக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார்.