ஊறுகாய் பாட்டிலில் வந்த அமில மழை

தேனி மாவட்டம் கம்பத்தில் மண், தண்ணீர் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் குமுளி, கம்பமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டம் பார்ப்பவர்கள். இந்தச் சாரல் பருவத்தில் மட்டும் ஆறு பேர் பொட்டுப் பொட்டாகக் கருகிய இலையோடு வந்துவிட்டார்கள். ஆறு பேருக்கும் ஒரே வாசகம்: "சார், ஆசிட் மழை பேஞ்சிருச்சு."

ஆறாவது ஆள் ஆதாரத்தோடு வந்தார், ஒரு பாட்டில் மழைத்தண்ணீர். மீட்டர் பி.எச். 4.1 காட்டியதும் எனக்கே திக்கென்றது (பி.எச். என்பது அமில அளவு; ஏழுக்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும்). மூடியை முகர்ந்து பார்த்தால் எலுமிச்சை ஊறுகாய் வாசம். சுத்தமான கேனில் மறுபடி பிடித்து வரச் சொன்னேன். 5.9.

மழைத்தண்ணீர் சரியாக ஏழில் நிற்கும் என்று நினைப்பதே தப்பு. காற்றின் கரியமில வாயு கரைவதாலேயே சுத்தமான மழையும் 5.6 வாக்கில்தான் இருக்கும். அதற்கும் கீழே போனால்தான் அமில மழை. நிலக்கரிப் புகையும் வண்டிப் புகையும் மேகத்தில் எப்படி அமிலமாகின்றன என்பது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, அதை விடுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 5.6 என்பது 4.6 ஆனால் 'ஒரு பாயிண்ட்தானே' இல்லை, அமிலம் பத்து மடங்கு.

இன்னும் சிலர் 2001-இல் கோட்டயம், இடுக்கிப் பக்கம் பெய்த சிவப்பு மழையைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்த நிறம் பாசி வித்துகளால் வந்தது, அண்ணே. அமில மழைக்கு நிறமே கிடையாது.

எனக்கு எரிச்சல் வருவது, அமில மழை பட்டதும் 'இலை வேகும்' என்கிற கதையில்தான். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழையை அளந்தார்கள். பி.எச். 4-ஐ ஒட்டி இருந்தது, நம் ஆள் கொண்டுவந்த ஊறுகாய்த் தண்ணீர் அளவுக்கு. அந்த மழையிலும் காடு ஒரே நாளில் கருகிவிடவில்லை. வருஷக்கணக்காக மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) மெக்னீசியமும் கரைந்து போயின. மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் அவிழ்ந்து வேரைத் தாக்கியது. அந்த நாட்டு மலைக்காடுகளில் சிவப்பு ஸ்புரூஸ் மரங்களின் ஊசியிலையில் கால்சியம் குறைய, கடும் பனிக்காலங்களில் இலை உறைந்து செத்தது. பார்த்தவர்கள் பனியைத்தான் திட்டியிருப்பார்கள். 1999-இல் ஹப்பர்ட் புரூக்கில் ஒரு சரிவு முழுக்க ஹெலிகாப்டரில் கால்சியத் தாதுப் பொடியைத் தூவி, இழந்ததைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். புகையைக் குறைத்தாலும் மண் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஓடையில் கதை இன்னும் மோசம். அவிழ்ந்த அலுமினியம் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கிறது. பி.எச். 6-க்குக் கீழே இறங்கும்போதே நத்தையும் சிப்பியும் குறையத் தொடங்கும், 5 வாக்கில் பெரும்பாலான மீன்முட்டை பொரியாது. கூத்து என்னவென்றால், அமிலம் ஏறிய தண்ணீர் பளிங்கு மாதிரி தெளியும். "எங்க ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் சார்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சியோ நண்டோ இருக்கிறதா?

சரி, நம் ஏலச்செடிக்கு வருவோம். வந்த இலைகளில் பாதி, இலையைக் கருக்கும் செந்தல் நோய், மீதி நிழல் மரத்தை அளவுக்கு மேல் கவ்வாத்து செய்ததால் வெயில் சுட்டது. ஆனால் ஊறுகாய் பாட்டில்காரரின் மண்ணைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பி.எச். 4.4. மலை மண் இயல்பிலேயே அமிலம், அதில் வருஷா வருஷம் அமோனியம் சல்பேட்டும் யூரியாவும் கொட்டியிருக்கிறார், ஒரு பிடி சுண்ணாம்பு இல்லை. அங்கே மழை செய்த வேலையை இங்கே உரமூட்டை செய்துகொண்டிருக்கிறது.

கோடை மழை விழுந்ததும் டோலமைட்டோ (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) சுண்ணாம்போ போடுங்கள், எவ்வளவு என்று மண் பார்த்துத்தான் சொல்ல முடியும். போட்ட கையோடு உரம் வைக்காதீர்கள், தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கும் அதே அளவைச் சொல்லிவைக்காதீர்கள், தேயிலைக்கு 5 என்றால் சந்தோஷம். பரிசோதனைக்கு மழைத்தண்ணீர் பிடிக்கத் தகரக் கூரைத் தண்ணீரும் சிமெண்ட் தொட்டித் தண்ணீரும் ஆகாது. ஓடைக்கரை ஓரத்துச் செடி கொடியை வெட்டாமல் விட்டுவையுங்கள், உரம் நேராக இறங்காது. தெளிப்பானை ஓடையில் கழுவுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் ஓடையில் பத்துக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒன்றுமே ஊராவிட்டால் போன் போடுங்கள், மீட்டரோடு நானே ஏறி வருகிறேன். வண்டிக்குப் பெட்ரோல் மட்டும் உங்கள் செலவு.