ஜேனட் ரவுலியின் மூன்று கட்டுரைகளும் எச்-குறியீட்டின் கணக்கும்

மருத்துவ மரபியல் ஆய்வாளர் ஒருவரின் பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தட்டினால், பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். மொத்த மேற்கோள்கள் இத்தனை, எச்-குறியீடு இத்தனை என்று அதில் இருக்கும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், பதவி உயர்வு தருபவர்கள், ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் என்று பலரும் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். அந்த எண்கள் எதை அளக்கின்றன, எதைக் கோட்டை விடுகின்றன என்று புரிந்துகொள்ள, ஒரே ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி. ரத்தப் புற்றுநோயின் குரோமோசோம்களை ஆராய்ந்த, சிகாகோவின் ஜேனட் ரவுலியை எடுத்துக்கொள்கிறேன்.

1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேரப் போனபோது, 65 பேர் வகுப்பில் பெண்களுக்கான 3 இடங்களும் நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1948-ல் பட்டம், மறுநாள் கல்யாணம். நான்கு மகன்கள். கடைசிப் பையனுக்கு 12 வயது ஆகும்வரை அவர் முழுநேர வேலைக்கே போகவில்லை. வாரத்துக்குச் சில நாள் மட்டும். அந்த நாட்களில் அவர் வேலை பார்த்த இடங்களில் ஒன்று, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவமனை. அந்தக் குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று 1959-ல் பாரிஸிலிருந்து செய்தி வந்தது. ரவுலியைக் குரோமோசோம் பக்கம் இழுத்தது அதுதான்.

1961-ல் கணவரின் விடுப்பாண்டுக்காகக் குடும்பம் ஆக்ஸ்ஃபோர்டு போனது. அங்கே குரோமோசோம் ஆய்வைக் கற்றுக்கொண்டு திரும்பியவர், சிகாகோவில் லியான் ஜேக்கப்சன் என்ற ரத்தநோய் நிபுணரிடம் போய் ஒரு மைக்ரோஸ்கோப்பும் ஒரு இருட்டறையும் கேட்டார். கூடவே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் அளவுக்காவது சம்பளம். ஆண்டுக்கு 5,000 டாலர் கிடைத்தது. ரத்தப் புற்றுநோயாளிகளின் குரோமோசோம்களைப் பாருங்கள் என்று சொன்னவரும் ஜேக்கப்சன்தான்.

பார்ப்பதற்கு ஒரு புதிர் ஏற்கெனவே காத்திருந்தது. 1960-ல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும், நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். நோவெல் ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரில் அலசியதால் செல்கள் ஊதி, குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஊர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது: பிலடெல்ஃபியா குரோமோசோம். அதன் ஒரு துண்டு தொலைந்துபோய்விட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதற்குக் காரணமும் உண்டு. அன்றைய சாயங்களில் குரோமோசோம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியும். 21 எது, 22 எது என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் குறைந்த துண்டு இன்னோர் இடத்தில் ஒட்டியிருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை.

1970-ல் மறுபடி ஆக்ஸ்ஃபோர்டு. அதற்குள் சுவீடனில் காஸ்பர்சன் குழு குவினக்ரின் என்ற சாயத்தைப் பூசிப் புற ஊதா வெளிச்சத்தில் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தது. குரோமோசோமில் சில பட்டைகள் பளிச்சென்று ஒளிரும், சில மங்கும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி வரிசை. ரவுலி அதைக் கற்றுக்கொண்டு வந்தார். ஆய்வகத்தில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரியால் வெட்டிச் சாப்பாட்டு மேசையில் ஜோடி ஜோடியாக அடுக்குவார். பக்கத்தில் தும்மக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பு.

அந்த மேசையில்தான் 1972-ல் முதல் விடை கிடைத்தது. தீவிர மைலாய்ட் ரத்தப் புற்றுநோயாளி ஒருவரிடம் 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அடுத்து, பிலடெல்ஃபியா குரோமோசோம் நோயாளிகளின் படங்களை அடுக்கியபோது, 22-ல் குறைந்த அளவு ஏறக்குறைய அப்படியே 9-ன் நுனியில் கூடியிருந்தது. ஆக, துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருந்தது. முதலாவது 1973-ல் ஒரு பிரெஞ்சு ஆய்விதழில் வந்தது. இரண்டாவது அதே ஆண்டு ஜூனில் ‘நேச்சர்’ இதழில், நான்கு பக்கத்துக்குள், ஒரே ஆசிரியர் பெயருடன். 1977-ல் 15-க்கும் 17-க்கும் இடையிலான மாற்றத்தை ரவுலியின் குழு வெளியிட்டது.

அப்புறம் நடந்தது வேகமானது. 9-லிருந்தும் ஒரு துண்டு 22-க்குப் போகிறது என்று 1982-ல் தெரிந்தது. இரண்டு நோட்டுகளின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து மாற்றி ஒட்டியதுபோல. ஒட்டிய இடத்தில் இரண்டு ஜீன்களின் பாதிகள் சேர்ந்து பிசிஆர்-ஏபிஎல் என்ற புது ஜீன் உருவாகிறது. அது செய்யும் என்சைம் ஓயாமல் வேலை செய்து செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த என்சைமை மட்டும் அடைக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை வைத்து நடந்த பெரிய ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் பத்தாண்டுக்குப் பிறகும் சுமார் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 15-17 மாற்றத்தின் கதை கொஞ்சம் வேறு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து, அந்த மாற்றம் காணப்படும் ஒருவகை ரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதை ஷாங்காய் மருத்துவர்கள் 1980-களில் கண்டார்கள். அந்த மருந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பியின் ஜீன்தான் 17-ஆம் குரோமோசோமில் உடைகிறது என்று பின்னால் தெரிந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தான் சார்ந்திருக்கும் முந்தைய கட்டுரைகளைக் கடைசியில் பட்டியலிடுகிறார். அதில் உங்கள் கட்டுரை வந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, இந்தக் கட்டுரையை யாரெல்லாம் பிறகு எடுத்தாண்டார்கள் என்று தேடும் யோசனையை 1955-ல் முன்வைத்தவர் யூஜீன் கார்ஃபீல்டு. அமெரிக்க வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளைப் பின்தொடரப் பயன்படுத்திய அட்டவணைதான் அவருக்கு முன்மாதிரி. அந்த அட்டவணையை அறிவியலுக்குச் சோதித்துப் பார்க்க அவர் முதலில் எடுத்துக்கொண்ட துறை மரபியல். ஜோஷுவா லெடர்பெர்க் என்ற மரபியலாளர் அதற்கு ஊக்கம் கொடுத்தார். மரபியல் மேற்கோள் அட்டவணை 1963-ல் வந்தது, எல்லா அறிவியலுக்குமான அட்டவணை அடுத்த ஆண்டு. எதை அடுத்துப் படிப்பது என்று தேட உண்டானது அது. ஆட்களுக்கு மதிப்பெண் போடுவது பிறகு வந்த பழக்கம்.

மதிப்பெண் வழக்கத்தை நிலைநாட்டியது எச்-குறியீடு. 2005-ல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் கொண்டுவந்தார். உங்கள் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். முதல் கட்டுரைக்கு 90, அடுத்ததற்கு 40, பிறகு 12, 6, 5, 2 என்று இருக்கட்டும். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, ஆறாவதற்கு 6 இல்லை. ஆகவே உங்கள் எச் 5. முதல் கட்டுரையின் 90 நாளைக்கு 9,000 ஆனாலும் எச் 5-தான்.

இதை ரவுலிக்குப் போட்டுப் பாருங்கள். 1973-ன் இரண்டு கட்டுரைகள், 1977-ன் ஒன்று. ரத்தப் புற்றுநோயை மரபியல் கண்ணால் பார்க்கவைத்த இந்த மூன்றும் சேர்ந்து எச்-குறியீட்டுக்குத் தரக்கூடியது அதிகபட்சம் 3. சுமாரான மூன்று கட்டுரைகளாலும் அதே 3-ஐத் தர முடியும். ரவுலி வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுதியவர், அதனால் அவர் இந்த அளவுகோலில் தோற்றுவிட மாட்டார். ஆனால் அவரை ரவுலி ஆக்கியது எதுவோ அதை இந்த எண்ணில் தேடினால் கிடைக்காது. இன்னொன்று, தனியாளாக மேசையில் படம் வெட்டி எழுதிய கட்டுரையும், நூற்றுக்கணக்கானோர் பெயர் போட்டு வரும் இன்றைய மரபணுத் தொகுதிக் கட்டுரையும் இங்கே சமம். பெரிய கூட்டமைப்பில் இடம் பிடித்த இளைஞர் ஒருவரின் எச் சில ஆண்டுகளில் கிடுகிடுவென ஏறும். அவர் செய்த பங்கு பெரியதாகவும் இருக்கலாம், ரத்த மாதிரி அனுப்பியதோடு முடிந்தும் இருக்கலாம். எண் எதையும் சொல்லாது.

துறைக்குத் துறை அளவும் மாறும். ஹிர்ஷின் முதல் கட்டுரையிலேயே இயற்பியலில் முன்னணியில் இருந்தவருக்கு 110, உயிரியலில் முன்னணியில் இருந்தவருக்கு 191.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கண்டுபிடிப்பு ஆழமாக வேரூன்றினால் மேற்கோள் நின்றுவிடுகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-லேயே இதைச் சொல்லிவிட்டார்: எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்ட ஒன்றுக்கு யாரும் மூலத்தைக் காட்டுவதில்லை. ரவுலியின் 1973 ‘நேச்சர்’ கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் உண்டு. ஆனால் இன்று பிசிஆர்-ஏபிஎல் பற்றி எழுதும் பெரும்பாலோர் அதைக் காட்டுவதில்லை, அண்மை மருந்து ஆய்வையோ சிகிச்சை வழிகாட்டியையோ காட்டுவார்கள். 2001-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 8-21, 15-17 மாற்றங்களைத் தீவிர மைலாய்ட் புற்றுநோயின் தனி வகைகளாகவே ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து மேற்கோள் அந்த வகைப்பாட்டு நூலுக்குப் போகிறது. வேலூரிலோ சென்னையிலோ ஒரு நோயாளியின் குரோமோசோம் அறிக்கையில், 9-22 மாற்றத்தைக் குறிக்க டி(9;22) என்று அச்சாகிறதே, அது எந்த அட்டவணையிலும் ஏறாது. அதைப் பார்த்து மாத்திரை எழுதும் மருத்துவரும் கட்டுரை எழுதப் போவதில்லை.

மறுபக்கம், செய்முறைக் கட்டுரைகள் கொட்டோ கொட்டென்று மேற்கோள் வாங்கும். புரதத்தின் அளவைக் கணக்கிட லவ்ரி 1951-ல் எழுதிய முறைக்கு 3 லட்சத்துக்கும் மேல். மருத்துவ மரபியலில், ஒரு மரபணு மாற்றம் நோய்க்குக் காரணமா இல்லையா என்று தரம்பிரிக்க 2015-ல் வந்த அமெரிக்க வழிகாட்டிக்குப் பல்லாயிரம். பரிசோதனைக் கூடங்கள் தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்கின்றன, அந்த மதிப்புக்கு அது தகுதியானதுதான். ஆனால் அதைப் பயன்பாட்டின் அளவாக மட்டும் படிக்க வேண்டும்.

காலக் கணக்கும் இருக்கிறது. ‘நேச்சர்’ கட்டுரை வந்தபோது ரவுலிக்கு 48 வயது. அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் பெரும்பகுதி பகுதிநேர வேலை. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று வடிகட்டும் தேர்வுக் குழு அன்று இருந்திருந்தால், மைக்ரோஸ்கோப் கேட்டு வந்தவரை வாசலோடு அனுப்பியிருக்கும். ஜேக்கப்சன் பார்த்தது அவர் கொண்டுவந்த கேள்வியை. எண்ணை மட்டும் வைத்து ஆளை எடைபோடுவதை நான் எதிர்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். ஹிர்ஷ் கூட 2020-ல், தன் குறியீடு எதிர்பாராத கெடுதல்களையும் செய்யக்கூடும் என்று எழுதினார்.

அப்படியானால் ஒரு மரபியலாளரின் பக்கத்தை எப்படிப் படிப்பது? மொத்த எண்ணை விட்டுவிட்டு, அதிகம் எடுத்தாளப்பட்ட ஐந்தாறு கட்டுரைகளைத் திறங்கள். அவர் பெயர் முதலிலோ கடைசியிலோ இருக்கிறதா, நூறு பேருக்கு நடுவிலா என்று பாருங்கள். உயிர் மருத்துவத்தில் வழக்கமாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. பிறகு, எடுத்தாண்ட கட்டுரைகளில் சிலவற்றைத் திறந்து, மேற்கோள் வரும் வாக்கியத்தையே படியுங்கள். ‘முன்பு பலர் ஆராய்ந்துள்ளனர்’ என்று போகிறபோக்கில் ஐந்து பெயரோடு வருவதும் ஒரு மேற்கோள்தான். ‘இவர் காட்டிய இடத்தில்தான் நாங்கள் ஜீனைத் தேடினோம்’ என்பதும் ஒரு மேற்கோள்தான். 9-லிருந்து ஏபிஎல் ஜீன் 22-க்குப் போனதை நிறுவிய 1982 ஆய்வுக்குக் குரோமோசோம் 9-ஐப் பார் என்று கைகாட்டியது, ஒன்பது ஆண்டுக்கு முந்தைய ரவுலியின் கட்டுரை.