கொன்த்ராதா: சியேனாவின் ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரண்டு நாளும் இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் உள்ள சியேனா நகரில் குதிரைப் பந்தயம் நடக்கும். பாலியோ என்பது அதன் பெயர். இந்தப் பந்தயத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சொல் வழிமறிக்கும்: கொன்த்ராதா. ஓடுவது தனி ஆளின் குதிரை இல்லை, கொன்த்ராதாவின் குதிரை. இதை 'மாவட்டம்' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். சியேனாவின் பழைய மதிலுக்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரைமணி நேரத்தில் நடந்துவிடலாம். அந்த இடத்துக்குள் 17 கொன்த்ராதாக்கள் இருக்கின்றன. சில தெருக்கள் சேர்ந்ததை மாவட்டம் என்று எப்படிச் சொல்வது?

சொல்லின் வேரிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் 'கொன்த்ரா' என்றால் எதிரே. பிற்கால லத்தீனில் அதிலிருந்து 'கொன்த்ராதா' வந்தது. எதிரே கிடப்பது, கண்முன்னே விரியும் நிலம் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கன்ட்ரி' ஆனதும் இதே சொல்தான். ஜெர்மன்காரர்களும் இதே வழியில் யோசித்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் 'கேகன்' என்றால் எதிரே, 'கேகென்ட்' என்றால் வட்டாரம். நாம் என்ன சொல்கிறோம்? 'நீங்க எந்தப் பக்கம்?', 'மதுரைப் பக்கம்' என்கிறோம். திசையைக் குறிக்கும் சொல்லே நிலத்தின் பெயராகிவிடுவது நம் பேச்சிலும் உண்டு.

தென் இத்தாலியிலும் சிசிலியிலும் கொன்த்ராதா என்றால் இன்றைக்கும் ஊருக்கு வெளியே உள்ள ஒரு நாட்டுப்புறப் பகுதிதான். வீட்டு முகவரியிலேயே அது வரும். அந்த இடங்களுக்குப் 'பக்கம்' என்பதோ 'வட்டாரம்' என்பதோ சரியாகப் பொருந்தும்.

சியேனாவில் கதை வேறு. அங்கே இந்தச் சொல் நிலத்தை விட்டு மனிதர்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது. முன்பு கொன்த்ராதாக்கள் இப்போதுள்ளதைவிட அதிகமாக இருந்தன. 1729-இல் நகரின் ஆளுநராக இருந்த பவேரியாவின் வியோலாந்தே பியாத்ரிசே தெருத்தெருவாக எல்லை பிரித்து ஆணையிட்டார். அந்த எல்லைகள்தான் இன்றும் நிற்கின்றன. தெருமுனைச் சுவரில் பதித்த சின்னத்தைப் பார்த்தாலே எந்தக் கொன்த்ராதாவுக்குள் நுழைகிறோம் என்று தெரிந்துவிடும். மறைந்துபோன ஆறு கொன்த்ராதாக்களையும் ஊர் மறக்கவில்லை. பந்தயத்துக்கு முன் நடக்கும் ஊர்வலத்தில் அவற்றின் பெயரால் ஆறு பேர் முகத்தை மூடிக்கொண்டு குதிரையில் வருவார்கள்.

பெயர்களைக் கேளுங்கள்: கழுகு, கம்பளிப்பூச்சி, நத்தை, ஆந்தை, ட்ராகன், ஒட்டகச்சிவிங்கி, முள்ளம்பன்றி, ஒற்றைக்கொம்புக் குதிரை, பெண் ஓநாய், சிப்பி, வாத்து, அலை, சிறுத்தை, காடு, ஆமை, கோபுரம், ஆட்டுக்கிடா. கம்பளிப்பூச்சி என்ற பெயரை வைத்துச் சாதுவான கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. 1371-இல் அந்தப் பகுதியின் கம்பளித் தொழிலாளர்கள் முதலாளிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். நத்தைக்கும் ஆமைக்கும் தீராப் பகை. ஓநாய்க்கு எதிரி முள்ளம்பன்றி. கொன்த்ரா என்ற வேரில் 'எதிர்' இருப்பதை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பகைக்கும் அந்த வேருக்கும் இலக்கணத் தொடர்பு எதுவும் கிடையாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஒவ்வொரு கொன்த்ராதாவுக்கும் தனித் தேவாலயம், தனி அருங்காட்சியகம், தனி நீரூற்று உண்டு. தேவாலய ஞானஸ்நானம் ஒரு பக்கம் இருக்க, கொன்த்ராதாவின் நீரூற்றிலும் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து, கழுத்தில் வண்ணத் துண்டைக் கட்டித் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்று பெரும்பாலோர் மதிலுக்கு வெளியே குடியிருக்கிறார்கள். ஆனாலும் தாய் தகப்பன் வழியாகவும் இந்த நீர் வழியாகவும் உரிமை தொடர்கிறது. ஒருவர் இறந்தால் பெட்டியின் மேல் கொன்த்ராதாவின் கொடி போர்த்தப்படும். நெடுங்காலமாக வெற்றி காணாத கொன்த்ராதாவை 'நோன்னா' என்பார்கள், அதாவது பாட்டி.

பந்தயத்தில் ஒரே நேரத்தில் ஓடுவது பத்துக் கொன்த்ராதாக்கள்தான். முந்தைய ஆண்டு அதே தேதியில் ஓடாத ஏழுக்கு உரிமையாகவே இடம் கிடைக்கும், மீதி மூன்று சீட்டுக் குலுக்கலில் வரும். எந்தக் குதிரை யாருக்கு என்பதும் குலுக்கல்தான். பந்தய நாள் பிற்பகலில் குதிரையைத் தேவாலயத்துக்குள்ளேயே அழைத்துப்போய், 'போய் வெற்றியோடு திரும்பி வா' என்று பாதிரியார் ஆசி கொடுப்பார். பிறகு மண் கொட்டிய காம்போ சதுக்கத்தை மூன்று சுற்று, சேணம் இல்லாமல். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும் குதிரை தனியாக ஓடி முதலில் வந்தால் வெற்றிதான். வெற்றி விருந்தில் அந்தக் குதிரைக்கும் இடம் உண்டு. பரிசாகக் கிடைப்பது ஓவியம் தீட்டிய ஒரு பட்டுத் துணி. பாலியோ என்ற பெயரே துணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

சரி, இத்தனையும் தாங்கும் தமிழ்ச் சொல் எது?

'வார்டு' தேர்தலோடும் குப்பை வண்டியோடும் நின்றுவிடுகிறது. 'பேட்டை' நெருங்கி வருகிறது. 'நம்ம பேட்டை' என்பதில் ஒரு சொந்தம் இருக்கிறது. ஆனால் அது இடத்தோடு முடிகிறது, அங்கிருந்து வீடு மாறிவிட்டால் பேட்டையும் மாறிவிடும். 'சேரி' பழந்தமிழில் ஊரின் ஒரு பகுதிக்கான நல்ல சொல். சோழர் கல்வெட்டுகளில் ஊர்களுக்குள் சேரிகள் வருகின்றன. இன்றைக்கு அது சுமக்கும் வலியைப் பார்த்தால் சியேனாவுக்கு எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. 'குலம்', 'கூட்டம்' இரண்டும் இரத்த உறவில் போய் நிற்கும்.

நான் தேர்ந்தெடுப்பது 'குடும்பு'. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில் இருக்கும் சொல் இது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், ஆண்டுகள் 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள். ஊருக்குள் ஒரு பகுதி, அந்தப் பகுதியில் கூடி இயங்கும் மனிதர்கள், குலுக்கலில் விழும் முறை என மூன்றும் சியேனாவுக்குப் பொருந்துகின்றன. சொல்லின் ஓசையில் 'குடும்பம்' கேட்பது இன்னொரு லாபம். நீரூற்றில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு அது வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. உத்திரமேரூரில் நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவருக்கே அந்த ஓலையில் இடம் கிடைத்தது. கொன்த்ராதாவில் அப்படி ஒரு வாசற்படி கிடையாது. தவிர, குடும்பு வழக்கொழிந்த சொல், வாசகர் முதலில் தடுமாறத்தான் செய்வார். ஆனால் வழக்கொழிந்ததிலேயே ஒரு வசதி இருக்கிறது: இன்றைய அலுவலக வாடை எதுவும் அதன்மேல் இல்லை. முதல் இடத்தில் 'கொன்த்ராதா எனப்படும் குடும்பு' என்று எழுதிவிட்டு, அப்புறம் குடும்பு என்றே தொடரலாம். உறுப்பினரைச் சொல்லும் 'கொன்த்ராதையோலோ' என்ற சொல்லுக்குக் 'குடும்பினர்' போதும். 'நத்தைக் குடும்பினர் ஆமைக் குடும்பின் தெரு வழியே கொடியோடு போகமாட்டார்கள்' என்று எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகவே இருக்கிறது.